எங்கட பிள்ளை ஏன் வெல்லவில்லை? அழகுராணிப் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் பொம்பிளை வெளிக்கிடுத்துகிற தொழிலில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். கலியாணம், சாமத்திய வீடு எதுவென்றாலும் ஒரு பிள்ளைக்குத் தலை கட்டி, பூ வைத்து, சீலை உடுத்தி எழுப்ப இரண்டு மணித்தியாலம் போய்விடும். அந்த நேரம் முழுக்கக் கதைதான். 2025 மே மாதம் ஹைதராபாத்தில் மிஸ் வேர்ல்ட், நவம்பரில் தாய்லாந்தில் மிஸ் யூனிவர்ஸ் நடந்த பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு ஒரே பதிலை எத்தனை தரம் சொல்வது? எழுதி வைத்துவிட்டேன். இனிக் கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

போட்டியை நடத்துகிற நாட்டுப் பிள்ளை வெல்வதே இல்லையா?

வெல்வதுண்டு, ஆனால் குறைவு. மிஸ் யூனிவர்ஸ் 1952 இல் கலிபோர்னியாவின் லோங் பீச்சில் தொடங்கியது. போட்டி தன் மண்ணில் நடந்தபோதே முடியையும் எடுத்துக்கொண்டவை அமெரிக்காவும் புவேர்ட்டோ ரிக்கோவும் மட்டும்தான். அமெரிக்காவை விடுங்கள், தொடக்கத்தில் வருடக் கணக்காக அங்கேயேதான் நடந்தது. புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அந்த அதிர்ஷ்டம் 2001 இல். பயமோன் என்ற ஊரில் நடந்த போட்டியில் டெனிஸ் கினியோனெஸ் தன் சனத்துக்கு முன்னாலேயே வென்றார்.

மிஸ் வேர்ல்ட் 1951 இல் லண்டனில் தொடங்கியது. பல காலம் அங்கேயே நடந்ததால் பிரித்தானியப் பிள்ளைகள் சிலர் வீட்டிலேயே வென்றார்கள். அப்புறம் சீனா. 2007 இல் சான்யாவில் சாங் சிலின், 2012 இல் ஓர்டோஸில் யூ வென்சியா.

இந்தியாவுக்குத்தான் இது சரிவரவில்லை. மூன்று தடவை மிஸ் வேர்ல்டை நடத்தியும் ஒரு தடவைகூட வீட்டில் வெல்லவில்லை. 1996 இல் பெங்களூரில் ராணி ஜெயராஜ் கடைசி ஐந்து பேருக்குள் வந்தார், வென்றது கிரேக்கத்தின் ஐரீன் ஸ்க்லீவா. 2024 இல் மும்பையில் சினி ஷெட்டி எட்டுப் பேருக்குள் வந்தார், முடி செக் நாட்டுக்குப் போனது. 2025 இல் ஹைதராபாத்தில் நந்தினி குப்தா இருபதோடு நின்றுவிட்டார். ஐந்து, எட்டு, இருபது! என்னிடம் வருகிற ஒரு கணக்கு ரீச்சர், அடுத்த தடவை நாற்பதா என்று கேட்டுப் பகிடி பண்ணினா.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். ஹைதராபாத்தில் வென்றது தாய்லாந்தின் ஓபல் சுச்சாட்டா. ஆறு மாதம் கழித்து அதே தாய்லாந்து தன் வீட்டில் மிஸ் யூனிவர்ஸ் நடத்தியது. அங்கே அவர்களுடைய பிரவீணார் சிங் இரண்டாமிடம், வென்றது மெக்சிகோவின் ஃபாத்திமா பொஷ். சரி, மெக்சிகோ அதற்கு முதல் வருடம் என்ன செய்தது? 2024 இல் மெக்சிகோ நகரத்தில் தானே நடத்தி, தன் பிள்ளைக்கு மூன்றாமிடத்தை வாங்கிக்கொண்டு, முடியை டென்மார்க்கிடம் கொடுத்து அனுப்பியது. இரண்டு நாடும் தன் வீட்டில் தோற்று அடுத்த வீட்டில் வென்றிருக்கின்றன.

சொந்த ஊர்ச் சனம் கைதட்டினால் அது உதவாதா?

கைதட்டுகிறவர்கள் கையில் புள்ளித்தாள் இல்லையே.

1994 மணிலா மிஸ் யூனிவர்ஸை எடுப்போம். சுஷ்மிதா சென் வென்ற வருடம் என்றுதான் எங்களுக்கு ஞாபகம். அந்த மேடையில் மண்டபம் முழுக்கக் கத்தியது பிலிப்பைன்ஸின் சார்லீன் கொன்சாலஸுக்காக. உங்கள் நாட்டில் எத்தனை தீவு இருக்கிறது என்று கேட்டபோது, “கடல் ஏறியிருக்கும்போதா, வற்றியிருக்கும்போதா?” என்று திருப்பிக் கேட்டார். இப்போதும் அந்தப் பதிலைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். (எங்கள் கடலில் ஏற்றமும் வற்றும் பெரிதாகத் தெரியாது. புறாமலைத் தீவு எப்போது பார்த்தாலும் புறாமலைதான்.) தேசிய உடைப் பரிசும் அவருக்கே. அப்படியும் ஆறு பேரோடு முடிந்தது. 2017 ஜனவரியில் மறுபடி மணிலா, மறுபடி அதே சத்தம். மக்சின் மெதினாவும் ஆறு பேருக்குள் வந்து நின்றார், பிரான்ஸ் வென்றது.

சத்தம் சுமையும்கூட. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2003 சித்திரைப் புத்தாண்டு, சமாதான காலம், எனக்கு 19 வயது. எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் விழா வைத்தது. கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், கடைசியாகப் புத்தாண்டு அழகுராணி. நான்தான் உள்ளூர்ப் பிள்ளை. ஒழுங்கையில் இருந்த அத்தனை பேரும் முன்வரிசையில். தம்பலகாமத்திலிருந்து ஒரு பிள்ளை மாமாவோடு வந்திருந்தாள், அவளுக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது. நடுவர் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: “பொங்கல் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தால் நல்லது?” எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் கண் அம்மாவைத் தேடியது. அம்மா கையால் கிழக்கைக் காட்டினா, பக்கத்து வீட்டு மாமி வடக்கைக் காட்டினா, சனம் சிரித்தது, நான் விக்கிப் போனேன். அந்தப் பிள்ளை நேரே நடுவரைப் பார்த்து, “எங்கட வீட்டில் எந்தப் பக்கம் வழிந்தாலும் அம்மா நல்லதென்றுதான் சொல்லுவா” என்றாள். அவளுக்கு முடி. எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி.

மணிலா எங்கே, எங்கள் ஒழுங்கை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் வீட்டு மேடையில் நிற்கிற பிள்ளை எதிரே இருக்கிற நடுவரை விட்டுவிட்டுத் தன் ஆட்களைப் பார்க்கிறது. அந்தப் பார்வையை ரீவியில் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

நடுவர்கள் காசு வாங்கிக்கொண்டு முடிவு செய்கிறார்களா?

2025 தாய்லாந்துப் போட்டியில் ஒரு நடுவர் இறுதி நாளுக்குச் சற்று முன்னர் விலகி, முன்கூட்டியே ஆட்களைத் தெரிவு செய்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டினார். அமைப்பு மறுத்தது. இதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அது வம்புதான். ஒன்று மட்டும்: நடத்துகிற நாட்டுக்கு மரியாதைக்கு ஓர் இடம் கொடுப்பார்கள் என்று நினைப்பவர்கள் 2013 மொஸ்கோ மிஸ் யூனிவர்ஸைப் பாருங்கள். ரஷ்யப் பிள்ளை முதல் சுற்றிலேயே வெளியே.

இலங்கை ஒருதரமும் வெல்லவில்லையா?

மிஸ் யூனிவர்ஸிலும் மிஸ் வேர்ல்டிலும் இல்லை. மிஸ் யூனிவர்ஸில் நாங்கள் மிக உயரப் போனது 1955 இல், நாடு இன்னும் சிலோன் என்றிருந்த காலம். கொழும்பைச் சேர்ந்த பறங்கிப் பெண் மொரீன் ஹிங்கேர்ட் லோங் பீச்சில் மூன்றாமிடம் எடுத்தார். பிறகு ஹொலிவுட்டிலும் நடித்தார். அதற்குப் பிறகு எழுபது வருடம் போய்விட்டது.

ஜாக்குலின் பெர்னாண்டஸை எல்லாருக்கும் தெரியும். 2006 இல் லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த மிஸ் யூனிவர்ஸுக்கு இலங்கையிலிருந்து போனவர் அவர்தான். முதல் இருபது பேருக்குள் பெயர் வரவில்லை. அன்று அவரைத் தாண்டிப் போன இருபது பேரில் எத்தனை பேரை இன்று எங்கள் ஊரில் தெரியும்? நடிப்புக்குப் போய் அவர் எடுத்த பெயருக்கு முடி தேவைப்படவில்லை.

திருமணமானவர்களுக்கான மிஸஸ் வேர்ல்டில் கதை வேறு. அங்கே இரண்டு தடவை வென்றிருக்கிறோம். 1985 இல் ரோசி சேனாநாயக்க. அவர் பின்னாளில் அரசியலுக்கு வந்து, 2018 இல் கொழும்பு மாநகரத்தின் முதல் பெண் மேயரும் ஆனார். அப்புறம் 2019 டிசம்பரில் லாஸ் வேகாஸில் கரோலின் ஜூரி.

கரோலின் ஜூரியின் பெயர் ஏன் உலகத்துக்கே தெரியும் என்றால், வென்றதற்காக இல்லை. 2021 ஏப்ரலில் கொழும்பு தாமரைத் தடாகம் அரங்கில் திருமதி இலங்கைப் போட்டி. புஷ்பிகா டி சில்வாவுக்கு முடி சூட்டியாயிற்று. கரோலின் மேடைக்கு வந்து, விவாகரத்தானவர் இதற்குத் தகுதியில்லை என்று சொல்லி, அந்த முடியைத் தலையிலிருந்து கழற்றி இரண்டாமிடத்துக்கு வந்தவருக்கு வைத்தார். நாடே ரீவியில் பார்த்துக்கொண்டிருந்தது. 1973 இல் இலங்கை அழகுராணியாக இருந்த ஷிரந்தி ராஜபக்ஷ விருந்தினராக வந்திருந்தார். புஷ்பிகா கணவரைப் பிரிந்து இருந்தாரே தவிர விவாகரத்து ஆகவில்லை, அதனால் முடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கரோலின் கைதாகிப் பிணையில் வந்தார், பிறகு உலகப் பட்டத்தையும் விட்டுவிட்டார். அது அயர்லாந்துப் பெண்ணுக்குப் போனது.

தலை கட்டுகிற எனக்கு அந்தக் காணொளியைப் பார்க்கவே முடியவில்லை. கிரீடத்தை இறுக்கத்தான் ஊசி குத்துகிறோம். அதை இழுத்தால் மயிரோடுதான் வரும். புஷ்பிகா தலைக் காயத்துக்கு வைத்தியசாலைக்குப் போனதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

இலங்கைப் பெண்கள் வடிவில்லையா, ஏன் பிந்துகிறோம்?

வடிவுக்கு ஒரு குறையும் இல்லை. என் கதிரையில் உட்கார்ந்து எழும்புகிற பிள்ளைகளைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். குறை வேறு இடத்தில்.

முதலில், இது நாடு அனுப்புகிற ஆள் இல்லை. கிரிக்கெட் அணி மாதிரி ஒரு சபை தெரிவு செய்து அனுப்புவதில்லை. உலக அமைப்பிடம் காசு கட்டி உரிமம் எடுத்த ஒருவர்தான் உள்நாட்டுப் போட்டியை நடத்துவார். அவருக்கு அனுசரணை கிடைத்தால் நல்ல உடுப்பு, நல்ல பயிற்சி. கிடைக்காவிட்டால் பிள்ளையின் வீட்டுக்காரர் கடன் வாங்க வேண்டும். ஒருவரும் உரிமம் எடுக்காத வருடத்தில் ஆளே போகாது.

அடுத்தது பயிற்சி. வெனிசுவேலா ஏழு தடவை மிஸ் யூனிவர்ஸ் வென்ற நாடு. 2008, 2009 இரண்டு வருடமும் தொடர்ந்து வென்று, ஒரு வெனிசுவேலாப் பெண் இன்னொரு வெனிசுவேலாப் பெண்ணுக்கு முடி சூட்டினார். அதற்கு முன் எந்த நாடும் அப்படிச் செய்ததில்லை. அதன் பின்னால் இருந்தவர் ஒஸ்மெல் சூசா. நடை, பேச்சு, பல், உணவு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்துவார், சத்திரசிகிச்சை வரைக்கும் போவார். அதை நான் மெச்சவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் மூக்கை வெட்டித் திருத்துவது எனக்குப் பிடிக்காத வேலை. ஆனால் மேடையில் அந்தப் பிள்ளை நடக்கிற நடையில் நூறு தரம் நடந்து பார்த்த பழக்கம் இருக்கும். எங்கள் பிள்ளை பல நேரம் அந்த உயரக் குதிச் செருப்பை விமானம் ஏறுகிற மாதத்தில்தான் போட்டுப் பழகுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. தோற்ற பிள்ளையைத் திரும்ப விடுகிறோமா? 2015 இல் மிஸ் யூனிவர்ஸ் வென்ற பியா வூர்ட்ஸ்பாக் (தொகுப்பாளர் முதலில் கொலம்பியாவின் பெயரைப் பிழையாகச் சொன்ன அந்த வருடம்தான்) பிலிப்பைன்ஸ் உள்நாட்டுப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து நின்றவர். இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவைதான் அந்தப் பட்டம் கிடைத்தது. 2018 இல் வென்ற கட்ரியோனா கிரே அதற்கு இரண்டு வருடம் முன் மிஸ் வேர்ல்டில் ஐந்து பேருக்குள் வந்து முடி கிடைக்காமல் வீடு திரும்பியவர். அங்கே தோல்வியை அனுபவம் என்று எண்ணி, பயிற்சி முகாம்காரர் அடுத்த வருடத்துக்கு வேலை தொடங்குகிறார்கள். இங்கே ஒருதரம் தோற்றுவிட்டு வந்தால், “சரி, ஆசை தீர்ந்துதுதானே, இனிச் சாதகத்தை எடுங்கோ” என்பார்கள். அடுத்த தடவை அந்தப் பிள்ளை என்னிடம் வருவது கூறைச் சேலையோடு.

தமிழ்ப் பிள்ளை யாராவது போயிருக்கிறார்களா?

திருச்சியைச் சேர்ந்த அனுகிரீத்தி வாஸ் 2018 இல் மிஸ் இந்தியா ஆனார். அந்த வருடம் சான்யாவில் நடந்த மிஸ் வேர்ல்டில் முப்பது பேருக்குள் வந்தார், மெக்சிகோ வென்றது.

ஆனால் இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளைகளுக்கு நான் காட்டுவது வேறொருவரை. வியட்நாமின் ஹென் நியே. அந்த நாட்டில் எடே என்ற சிறுபான்மை இனத்துப் பெண். கட்டை மயிர், கறுத்த நிறம். 2018 பாங்கொக் மிஸ் யூனிவர்ஸுக்கு வியட்நாம் முழுவதுக்குமாகப் போனார். தேசிய உடை என்று அவர் போட்டு வந்தது தெருவில் விற்கிற பாண் சான்ட்விச் வடிவத்தில் ஒரு உடை! அங்கே அமெரிக்கப் பிள்ளை அவருடைய ஆங்கிலத்தைப் பகிடி பண்ணிய காணொளி பரவி, பிறகு மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. ஹென் நியே ஐந்து பேருக்குள் வந்தார். வியட்நாம் அந்தப் போட்டியில் அதுவரை அவ்வளவு தூரம் போனதே இல்லை. பெரும்பான்மை மொழி பேசாத வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த நாடு கைதட்டியது. இங்கே அது நடக்குமா என்று கேட்டால், நடந்து பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஆங்கிலம் வராவிட்டால் தோல்விதானா?

இல்லை. மிஸ் யூனிவர்ஸில் மொழிபெயர்ப்பாளர் தருவார்கள். 2006 இல் வென்ற சுலெய்கா ரிவேரா ஸ்பானிய மொழியில்தான் பதில் சொன்னார். நல்ல தமிழில் கதைக்கத் தெரிந்த பிள்ளை அரைகுறை ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிடத் தமிழில் சொல்வது நல்லது.

நான் கறுப்பு. அதனால் சரிவராதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும், கேட்கிற பிள்ளையின் மேல் இல்லை. 1977 இலேயே டிரினிடாட்டின் ஜனெல் கொமிஷோங் மிஸ் யூனிவர்ஸ் ஆனார், அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். 2011 இல் பிரேசிலில் வென்றவர் அங்கோலாவின் லைலா லோப்பஸ், வீட்டுக்காரப் பிரேசிலுக்கு மூன்றாமிடம். 2019 இல் தென்னாபிரிக்காவின் சோசிபினி துன்சி, ஒட்ட வெட்டிய தன் இயற்கை மயிரோடு. உலக மேடை அந்தக் கதவைத் திறந்து இவ்வளவு காலமாகியும், இங்கே மணப்பெண்ணின் அம்மா வந்து, “இரண்டு நிறம் கூட்டிவிடுங்கோ” என்கிறா. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். நான் மாட்டேன் என்று சொல்லி இழந்த வாடிக்கையாளர்கள் உண்டு.

நீச்சலுடை எங்கள் பண்பாட்டுக்கு ஒத்து வருமா?

1996 பெங்களூரில் இதற்காகப் பெரிய எதிர்ப்பு. மதுரையில் ஒரு இளைஞர் தீக்குளித்து இறந்தே போனார். நீச்சலுடைப் பகுதியை சீஷெல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். அவ்வளவு பெரிய சண்டைக்குக் காரணமான அந்தச் சுற்றை மிஸ் வேர்ல்ட் அமைப்பே 2014 இல் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. மிஸ் யூனிவர்ஸில் இன்னும் இருக்கிறது. போடுவதா விடுவதா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும், ஒழுங்கைக்காரர் இல்லை.

கலியாணம் கட்டினவர்கள் போகலாமா? வயது?

மிஸ் யூனிவர்ஸில் 2023 முதல் திருமணமானவர்களும் தாய்மாரும் போகலாம், 2024 முதல் மேல் வயதெல்லையும் இல்லை. மிஸ் வேர்ல்டுக்கு இது பொருந்தாது.

திருகோணமலையிலிருந்து போக வழி உண்டா?

வழி கொழும்பு வழியாகத்தான். தெரிவு, ஒத்திகை, படப்பிடிப்பு எல்லாம் அங்கே. ஒவ்வொரு தடவையும் ஹபரணைக் காட்டைக் கடந்து 260 கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்ப வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும். தங்க இடம் இல்லாத பிள்ளை அங்கேயே பாதிப் போட்டியைத் தோற்றுவிடும். ஆகவே முதலில் கொழும்பில் ஒரு சொந்தக்காரரைச் சம்மதிக்க வையுங்கள். செருப்பை இப்போதே வாங்கி வீட்டுக்குள் நடந்து பழகுங்கள். முன்காசு கட்டச் சொல்கிற எவரிடமும் உரிமப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

நீங்கள் எந்த நாட்டுக்குக் கைதட்டுவீர்கள்?

எங்கள் அம்மம்மா மூக்குத்தி போட்ட எல்லாரையும் “எங்கட பிள்ளை” என்பா. நான் முதலில் இலங்கை, அது போனதும் இந்தியா, அதுவும் போனால் நடக்கத் தெரிந்த யாராவது. இலங்கைப் பிள்ளை எப்போதும் நேரத்தோடு வெளியேறிவிடுவதால் மிச்ச நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம்.

எங்கள் நேரத்துக்கு எத்தனை மணிக்குக் காட்டுவார்கள்?

நடக்கிற நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் இரவு பார்க்க வேண்டும் என்பதால் தாய்லாந்தில் காலை எட்டு மணிக்கே தொடங்கினார்கள், எங்களுக்கு அது ஆறரை. 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. எனக்கு அன்று காலையில் ஒரு பொம்பிளை. ஃபோனைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டுத் தலை கட்டினேன். கடைசியில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம், மணப்பெண் திரும்பிப் பார்க்கப் போய் நான் தலையில் வைத்த பிறை நகை சரிந்துவிட்டது. வாகனக்காரர் வெளியே ஹோர்ன் அடிக்கிறார். மணப்பெண்ணின் அம்மா, “யார் வென்றது, யார் வென்றது” என்கிறா. மெக்சிகோ என்றேன். “அப்ப தாய்லாந்துப் பெட்டை?” என்றா. இரண்டாமிடம் என்று சொல்லிவிட்டுப் பிறையை மறுபடி முதலிலிருந்து குத்தத் தொடங்கினேன்.